ஜோடி மார்க்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் எல்லாப் பிள்ளைகளும் படித்தார்கள். முழு வருஷம்கூட இல்லை, ஆனி மாதம் தொடங்கிப் பொங்கல் வரைக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் சிலர் படித்தார்கள், மற்றவர்கள் வந்து போனார்கள். இதை இப்போது சொன்னால் என்னோடு படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் ஏ செக்ஷன்.

பெரம்பலூர் மாவட்டத் தலைநகரான புதிது. ஊருக்குள் புதுப்புது ஆபீஸ்களும் ஜீப்புகளும் வந்திறங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் மட்டும் பழையது, பெரியது. அதற்கு நீளமாக ஒரு அரசாங்கப் பெயர் உண்டு என்றாலும் எல்லோருக்கும் அது பெரிய ஸ்கூல்தான். பாடாலூர், செட்டிகுளம், பூலாம்பாடி என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். பிரேயரில் நின்றால் கடைசி வரிசைக்கு மைக் சத்தம் கேட்காது. ஒன்பதாம் வகுப்பு மட்டுமே ஏ முதல் எஃப் வரை இருந்தது. நன்றாகப் படிப்பவர்கள் ஏ. அங்கிருந்து படிப்படியாக இறங்கி, எதற்கும் ஆகாது என்று வாத்தியார்கள் முடிவுகட்டியவர்கள் எஃப். ஏ செக்ஷனுக்கு மின்விசிறி இருந்தது. எஃப் செக்ஷன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்தது. அங்கே வாத்தியார் வந்தால் வந்தார், வராவிட்டால் ஏன் என்று கேட்க நாதியில்லை.

நான் ஏ, அண்ணன் எஃப். என்னைவிட மூத்தவன் ஒரே வகுப்பில் எப்படி என்றால், அவன் ஒன்பதாவதில் ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தான். இரண்டாவது முறையும் தவறினால் டீசியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பத்தாவது அரசாங்கப் பரீட்சை, அதில் தோற்கிறவன் பள்ளியின் பெயரைக் கெடுப்பான், ஆகவே ஒன்பதிலேயே ஆளைக் கழித்துவிடுவது வழக்கம். களை எடுப்பது என்று வாத்தியார்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை, அண்ணன் களையா பயிரா என்பதுதான்.

அப்பாவுக்கு ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலை. அம்மா அதே மண்டியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து அழுகல் பொறுக்குவாள். வீட்டில் பாலுக்குக்கூட வெங்காய வாசம் அடிக்கும். மண்டி முதலாளிதான் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அவர் மகனும் எங்கள் வகுப்புதான், என்னோடு ஏ செக்ஷன். நல்ல பையன். அப்பன் பெயரைச் சொல்லி யாரையும் மிரட்டியதில்லை, கணக்கில் புலி.

அந்த ஆனி மாதம் புதிதாக ஒரு ஹெட்மாஸ்டர் அம்மா வந்தார். குள்ளம், கனத்த கண்ணாடி, ஸ்கூட்டர். பள்ளிக்கு ஒரு பெண் தலைமையா என்று வாத்தியார்கள் முனகி முடிப்பதற்குள், ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பிரேயர் மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி அதற்குள் போட்டிருந்தது. ஆறாம் வகுப்பில் இருந்ததிலேயே பொடியனாகப் பார்த்து ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். முழுப்பரீட்சை மார்க்கை வைத்துப் பிரித்து வந்த செக்ஷன்களை, சீட்டுக்கம்பெனிக் குலுக்கல் மாதிரிக் குலுக்கிப் பிரித்தார். ஏ, பி, சி என்ற பெயர்களையும் தூக்கிவிட்டு, கொள்ளிடம், வெள்ளாறு, மருதையாறு, சின்னாறு, கல்லாறு, கோனேரி என்று ஆறுகளின் பெயர்களை வைத்தார். எங்கள் பக்கத்து ஆறுகளில் பாதிக்கு மேல் வருஷம் முழுக்க மணல்தான் ஓடும். அதைச் சொல்லி ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்களாம்.

பிரம்புகளையெல்லாம் வாங்கி, பள்ளித் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு ஊன்றச் சொன்னார். அந்த வருஷம் சத்துணவில் அவரைக்காய் சாம்பார் போட்டதை அண்ணன் வெகு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் மேல் பட்ட பிரம்புகள் அவை.

இவையெல்லாம் போகட்டும், ஊர் வாயில் விழுந்தது ஜோடி மார்க். முதல் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் மேலே இருக்கிற ஒருவரைக் கீழே இருக்கிற ஒருவரோடு ஜோடி சேர்த்து ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். பையனுக்குப் பையன், பெண்ணுக்குப் பெண். அதன்பிறகு மாதப் பரீட்சையோ அரைப்பரீட்சையோ, ஜோடியில் யாருடைய மார்க் குறைவோ, அதுதான் இரண்டு பேருக்கும்.

"தெரிஞ்ச புள்ள தெரியாத புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும். அது ஏறுனா நீயும் ஏறுவ. ஏறலன்னா ரெண்டு பேரும் கீழயே கெடங்க" என்று பிரேயரில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். தினமும் கடைசிப் பீரியடு ஜோடிப் பீரியடு. வாத்தியார் பாடம் நடத்தக் கூடாது, சும்மா சுற்றி வரலாம். அத்தனை வகுப்பிலும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற சத்தம் வாரச்சந்தைவரை கேட்கும். ஸ்கூலா இது, மீன் மார்க்கெட்டா என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு வாய்த்தவள் செல்வி. பாடாலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வருவாள், உள்ளங்கை எப்போதும் பச்சையாக இருக்கும். அவளுக்குப் பின்னக்கணக்கு வராது. மேலே இருக்கிற எண்ணையும் கீழே இருக்கிற எண்ணையும் கூட்டி வைத்துவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். தொண்ணூறுக்கு மேல் வாங்கிப் பழகியவள் நான், அவளால் முப்பதுக்கும் கீழே போனேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதேன். அப்பா அதைத் தாங்க மாட்டார். அவருக்கு நான் டாக்டர். மண்டியில் எடை போடுகிறபோதே, எம்மவ டாக்டருக்குப் படிக்கப் போறா என்று வியாபாரிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவர். எனக்குத் தேள் என்றால் பயம், ரத்தம் என்றால் மயக்கம் என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை.

அண்ணன் குலுக்கலில் வெள்ளாறு. மண்டிக்காரர் மகனும் வெள்ளாறு. ஒருவன் வகுப்பிலேயே முதல், இன்னொருவன் கடைசி. ஜோடி சேர்ந்துவிட்டார்கள்.

முதலாளி மகனுக்கு வேறு வழியில்லை. அண்ணன் தேறினால்தான் அவன் தேற முடியும். சாயங்காலம் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் நேராக மண்டிக்கு வந்துவிடுவார்கள். வெங்காய மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார்கள். "டேய் மாடு, மைனஸ எங்கடா முழுங்குன?" என்று அவன் கத்துவான். "ஒழுங்காச் சொல்லிக் குடுடா எரும, ஒன்னாலதான் எனக்கு மார்க் போவுது" என்று அண்ணன் பதிலுக்குக் கத்துவான். ஒரு சொம்புத் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அண்ணன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எஃப் செக்ஷனில் இருந்த காலத்தில் அவன் வீட்டில்கூட வாய் திறக்க மாட்டான்.

மார்க் ஏறியது. பன்னிரண்டு, பதினைந்து என்று வாங்கிக்கொண்டிருந்தவன் முப்பதைத் தொட்டான். அரைப்பரீட்சைக்கு முந்தின மாதம் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினான். மேதையெல்லாம் இல்லை அவன், நாற்பத்தொன்று வாங்குகிற பையன். ஆனால் அன்றைக்குப் பத்தாவது தேறியிருந்தால் போதும், கண்டக்டர் லைசென்ஸ் எடுக்கலாம், போலீசுக்கு ஓடலாம், ஏதாவதொரு ஆபீசில் கடைநிலை ஊழியனாகலாம். அதற்கு நாற்பத்தொன்று தாராளம். அண்ணன் அந்த நாட்களில் யாரும் எழுப்பாமலே எழுந்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, எனக்கு முன்னால் பள்ளிக்குக் கிளம்பிப் போனான். அம்மா செட்டிகுளம் மலைக் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

முதலாளி அரைப்பரீட்சை மார்க்கைப் பார்த்துக் கொதித்தார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மகன் தொண்ணூற்றெட்டு எழுதியும் நாற்பத்துச் சில்லறைதான் கிடைத்தது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது என்று அப்பாவும் அவர் பக்கம் பேசினார். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததை நான் பார்த்தேன். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். முதலாளி மகன் கீழே சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்கு வாத்தியார் முறை அண்ணனுக்கு, மேல் மூட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி, தப்பு தப்பு, அடிச்சிட்டு மறுபடி போடு என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். முதலாளி வாசலுக்கு வந்தார். அண்ணனுடைய ஆடுகிற காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், தண்ணீர்ச் சொம்பை எடுத்து வேலைக்காரரிடம் கொடுத்து, இதைக் கழுவித் தனியாக வை என்றார். எனக்கு அப்போது அது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் தெரிந்தது.

ஹெட்மாஸ்டர் அம்மா மீதும் குறை உண்டு. பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையில் கால்வாசியைப் பெரியவர்களிடம் காட்டியிருக்கலாம். என் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்காக அப்பா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் அம்மா ஏதோ ஒரு வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டு மணிக்கு வெளியே வந்தவர், "ஒங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுங்க, போயிட்டு வாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படிக்காதவன் என்றால் இளக்காரம் என்று அப்பா வீட்டில் வந்து குமுறினார். அந்தக் குமுறல் முதலாளி காதுக்குப் போனது.

முதலாளி கெட்டிக்காரர். பணக்காரன் போய் மனு கொடுத்தால், தன் பிள்ளைக்காகப் பேசுகிறான் என்பார்கள். ஏழை அப்பன் பேச வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டு, தனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த மண்டியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "ஒம்மவ டாக்டராவறதா, கண்ட கண்ட கழுதைக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்துக் கெட்டுப் போறதா? நீயே சொல்லுப்பா" என்றார்.

திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள். பெற்றோர்கள் ஒரு பெருங்கூட்டமாகக் கலெக்டர் ஆபீஸ் போனார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கல்வி அதிகாரியையும் அங்கே வரவழைத்திருந்தார்களாம். என்ன குறை என்று கேட்டதும் முதலாளி அப்பாவை முன்னால் தள்ளிவிட்டார். அப்பா பேசினார். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவுக்கு எதிரே நின்று, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி பேசிக் காட்டினார்.

"அய்யா, நான் வெங்காய மண்டியில எடை போடுறவன். எனக்குப் பாடம் தெரியாது, வெங்காயம் தெரியும். அழுவல் ஒண்ணு மூட்டையில இருந்தா, பக்கத்துல இருக்கற நல்லது தேறி வராதுங்க. நல்லதும் சேந்து அழுவிப் போவும். அதனாலதாங்க பொம்பளைங்கள உக்கார வச்சிப் பொறுக்குறோம். புள்ளைங்களும் அப்புடித்தான். பொறுக்கித் தனியா வைங்க அய்யா, நல்லதாவது தேறட்டும்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம், இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை என்றார்களாம். வெளியே வந்ததும் முதலாளி அப்பாவின் தோளில் கை போட்டாராம். தோளில் கை போட்ட விஷயத்தை மட்டும் அப்பா மூன்று தடவை சொன்னார். அல்வாவும் காராபூந்தியும் வாங்கி வந்திருந்தார்.

அண்ணன் அங்கேதான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்குத்தான் சட்டென்று உறைத்தது.

"நம்ம பையனும் அங்கதான படிக்கிறான்?" என்றாள்.

"அவனுக்கு என்ன? அவன்தான் இப்ப தேறிட்டான்ல. பாஸ் மார்க் வாங்குறான். இனிமே எங்க வுட்டாலும் படிச்சிக்குவான்" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை, சமாதானத்துக்கும் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். காய்ச்சல் விட்டவனுக்கு மாத்திரை எதற்கு என்கிற மாதிரி, அண்ணனுக்குப் படிப்பு வந்துவிட்டது, வந்தது இனி போகாது என்று நினைத்தார். எதனால் வந்தது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அண்ணன் அல்வாவைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனான். எனக்கு மறுபடி ஏ செக்ஷன், மறுபடி மின்விசிறி என்று ஒரே குதூகலம்.

பொங்கல் லீவு முடிந்து போனபோது ஹெட்மாஸ்டர் அம்மா இல்லை. ஜெயங்கொண்டத்துக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் உயரமாக, கம்பீரமாக, பெற்றோர்கள் வந்தால் எழுந்து நின்று கும்பிடுகிறவராக இருந்தார். வந்த மறுநாளே கதவுகளிலிருந்து ஆறுகளை அழித்துவிட்டு ஏ, பி, சி எழுதினார்கள். நான் ஏ செக்ஷன் முதல் பெஞ்சுக்கு வந்தேன். முதலாளி மகனும் வந்தான். செல்வி எஃப் செக்ஷனுக்குப் போனாள். அவள் எப்போது பள்ளியை விட்டு நின்றாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பின்னக்கணக்கு அவளுக்குக் கடைசியாக வந்துவிட்டிருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணனும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கே போனான். சாயங்காலம் மண்டிக்குப் போய் மூட்டையில் உட்கார்ந்து பார்த்தான். முதலாளி மகனுக்கு வீட்டோடு டியூஷன் வைத்துவிட்டிருந்தார்கள், அவன் வரவில்லை. அண்ணன் என்னிடம் ஒரு தடவை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் படித்துக்கொண்டிருந்ததால் அப்பா அவனை அதட்டினார். "பாப்பாவ தொந்தரவு பண்ணாத." அதன்பிறகு அவன் கேட்கவில்லை.

முழுப்பரீட்சையில் அண்ணனுக்குக் கணக்கில் முப்பத்திரண்டு. மற்றதில் எல்லாம் பாஸ். தேறுவதற்கு மூன்று மார்க் தேவை. முன்பெல்லாம் மூன்று மார்க் என்றால் போட்டுக்கொடுத்துத் தேற்றிவிடுவார்கள். அந்த வருஷம் புது ஹெட்மாஸ்டர் பத்தாவதில் ஒருவர்கூடத் தோற்கக் கூடாது என்று கங்கணம் கட்டியிருந்தார். எஃப் செக்ஷனில் பாதிக்கு மேல் கழித்தார்கள். அதில் அண்ணனும் ஒருவன்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனார். என் மார்க்கைப் பார்த்தாவது என் அண்ணன் மேல் இரக்கம் வராதா என்று ஒரு நப்பாசை. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று அப்பாவைக் கும்பிட்டார். என் தலையைத் தடவி, இந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊருக்கே பேர் வாங்கித் தரும் என்றார். அண்ணன் விஷயத்தில், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சொன்னால் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே கை விரித்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. தலைவர் யார், தோளில் கை போட்டவர்தானே.

நேராக மண்டிக்கு வந்தோம். முதலாளி போனில் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை அப்பா நின்றார். நாற்காலி சுவரோரமாக இருந்தது, அன்றைக்கு யாரும் அதை இழுத்துப் போடவில்லை.

"மொதலாளி, நம்ம பையனுக்கு ஒரு வார்த்த சொல்லணும். மூணே மார்க்குதான். அவனும் ஒங்க வீட்டுத் தம்பியும் சேந்து படிக்கறப்ப நல்லாத்தான் படிச்சான்" என்றார் அப்பா.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"என்னப்பா நீ, கலெக்டர் ஆபீஸ்ல அவ்வளவு தெளிவாப் பேசுன ஆளு? அழுவலப் பொறுக்கித் தனியா வைங்கன்னு நீதான சொன்ன? ஒம்பேச்சக் கேட்டுத்தான எல்லாம் நடக்குது. இப்ப ஒனக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா?"

அப்பா தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளிக்கு இரக்கம் வந்துவிட்டது. "கவலப்படாத. பையன இங்க அனுப்பு. நல்லா ஒடம்பு இருக்கு, மூட்ட தூக்கட்டும். நம்ம கண்ணு முன்னாடி இருக்கும்" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றார் அப்பா.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படிப் பேசுவார்? பேச வேண்டிய பேச்சையெல்லாம் அவர் வாயாலேயே பேசவைத்து வாங்கிக்கொண்டுவிட்டார்களே. அன்று எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. முதலாளி அண்ணனுக்கு வேலை போட்டுக் கொடுத்தார், நல்ல மனுஷர் என்றுதான் தோழிகளிடம் சொன்னேன்.

அண்ணன் மூட்டை தூக்கப் போனான். அம்மா அழுகல் பொறுக்க, அப்பா எடை போட, அண்ணன் லாரியில் ஏற்ற என்று குடும்பமே ஒரு கூரைக்கடியில் சேர்ந்துவிட்டது. நான் மட்டும் பத்தாவதில். ஒருநாள் நான் மண்டி வழியாக வந்தபோது முதலாளி மகன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். பழைய பழக்கத்தில், "டேய் மாடு!" என்று குரல் கொடுத்தான். அண்ணன் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க சின்ன மொதலாளி?" என்று கேட்டான். அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். பிறகு அந்தப் பக்கம் அவன் வந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டான், வேலைக்குப் போனால் மனுஷன் திருந்திவிடுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்தது. பரீட்சை எழுதிய அத்தனை பேரும் பாஸ். ஊரே பேசியது. பேப்பரில் ஹெட்மாஸ்டர் படம் வந்தது. எழுதவிடாமல் அனுப்பியவர்களைப் பற்றிப் பேப்பரில் போட மாட்டார்கள். பள்ளியில் முதலாளி மகன் முதலாவது, நான் இரண்டாவது. பாராட்டு விழா வைத்தார்கள். மைதானத்தில் ஷாமியானா, மைக், எல்லோருக்கும் லட்டு. அம்மாவுக்கு லீவு கொடுத்தும் அவள் வரவில்லை, தலைவலி என்றாள். அண்ணன், லோடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். அப்பா அதே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்து பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தார்.

முதலாளி தன் கையால் எனக்கு எவர்சில்வர் குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கைப் பிடித்து, இந்தப் பள்ளி இன்றைக்குத் தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஒரு ஏழைத் தகப்பனின் பேச்சுதான் காரணம், அவர் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தவளிடம், எங்கப்பாவ இப்ப பாரு என்றேன்.

அப்பா மேலே போனார். மைக்கின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் மட்டும் கொய்யென்று கத்தியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதலாளி முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். "பரிசு எனக்குத்தானப்பா? என்னப் பத்தித்தானப்பா பேசணும்? எதுக்கு ரெண்டு புள்ளைங்கன்னு ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, தப்புதான்" என்றார் அப்பா. குத்துவிளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அப்பா மைக்கைப் பார்த்துப் பயந்துவிட்டார், அத்தனை பேர் முன்னால் மானம் போய்விட்டது என்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே சோற்றை வடித்தாள். வாசலில் அண்ணனின் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் காதுல இது வுழுந்துச்சு, கொன்னுபுடுவேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பரிசு வாங்கி வந்த நாளில் என்னை எதற்குத் திட்டுகிறாள் என்று விளங்காமல், நான் போய்க் குத்துவிளக்கைத் துடைத்து வைத்துவிட்டு அழுதேன்.